அம்மா என்னும் ஐந்து குறிகள்: விரலாலும் செவியாலும் தமிழ் படித்தோரின் வரலாறு

ஆண்டுதோறும் டிசம்பர் 3 வரும்போது நம் கல்லூரி வளாகங்களில் ஒரு நிகழ்ச்சி நடைபெறுவதுண்டு. ஐக்கிய நாடுகள் அவை 1992இல் அறிவித்த மாற்றுத்திறனாளிகள் நாள் அது. விழிப்புணர்வுப் பேரணி, சிறப்புரை, பின்னர் ஏதேனும் ஓர் அமைப்போ முன்னாள் மாணவர்களோ வழங்கும் கணினிகள், நிழற்படம். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் நானும் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். அன்று நடந்ததைவிட அதற்கடுத்த வாரம் நடந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

அப்போது நான் மொழியியல் முதுகலை மாணவர். தமிழ்த்துறையில் படித்த பார்வையற்ற நண்பர் ஒருவருக்குத் தேர்வுக் காலத்தில் பாடம் வாசித்துக் காட்டுவது வழக்கம். நன்கொடையாக வந்த கணினியில் திரைவாசிப்பான் மென்பொருள் நிறுவியாயிற்று. இனி என் உதவி அவருக்குத் தேவைப்படாது என்று எண்ணி மகிழ்ந்தேன். துறையில் வழங்கப்பட்ட பாடக்குறிப்புக் கோப்பைத் திறந்தோம். கணினி பொருளற்ற ஆங்கில ஒலிகளை உதிர்த்தது. அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்த்தியபோது ஓரிடத்தில் அது சொன்னது: "எம், கே, செமிகோலன், கே, எச்." நான் திரையைப் பார்த்தேன். அங்கே "அம்மா" என்று இருந்தது.

நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்கதானே மொழியியல் படிக்கறீங்க, இது என்ன பாஷைன்னு சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடப் போய்க் கண்டடைந்தது, தமிழ் எழுத்தைக் கண்ணால் காணாமல் படித்தவர்களின் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு. நம் எழுத்திலக்கண வரலாற்றின் ஒரு பகுதியாகவே அதைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

*பாளையங்கோட்டை முதல் பெய்ரூட் வரை*

லூயி பிரெயில் 1809 சனவரி 4இல் பிரான்சில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து பார்வை இழந்தவர். ஆறு புள்ளிகள் கொண்ட தம் முறையை அவர் நூலாக வெளியிட்ட ஆண்டு 1829. இரு நிரைகளில் மும்மூன்றாக அமைந்த அப்புள்ளிகளை மேடாக எழுப்பியும் எழுப்பாமலும் விட்டால் 63 வடிவங்கள் கிடைக்கும். ஒரு விரல்நுனி அசையாமல் ஒரே தொடுகையில் உணரக்கூடிய அளவு அது. அதற்கு முன்னிருந்த சார்ல் பார்பியேயின் முறையில் 12 புள்ளிகள் இருந்தன. விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதல் பள்ளியை ஆனி ஷார்ப் 1887இல் அமிர்தசரசில் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரின் பணி தொடங்கியது. அச்சுத் தமிழின் தொடக்கக் களங்களுள் ஒன்றாகிய திருநெல்வேலிச் சீமையே, தொட்டுப் படிக்கும் தமிழுக்கும் தொடக்கக் களங்களுள் ஒன்றாயிற்று.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. பிரெயிலை இந்திய மொழிகளுக்குப் பொருத்த முனைந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் பொருத்தினர். நோல்ஸ், கார்த்வெயிட் ஆகியோர் உருவாக்கிய கீழைத்தேயப் பிரெயில் அவற்றுள் ஒன்று. ஒரு பள்ளியில் அச்சான நூல் மற்றொரு பள்ளி மாணவருக்குப் பயன்படாத நிலை. அச்சிடும் செலவோ மிகப் பெரிது. ஓர் அச்சு நூல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகும். பயன்படுத்துவோர் தொகை சிறிது. அச்சிறு தொகையும் பல குறிமுறைகளாகச் சிதறிக் கிடந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு 1949இல் இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டுசென்றது. 1950இல் பாரிசிலும் 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் கூடிய மாநாடுகளில் பல நாட்டு அறிஞர்கள் இதை விவாதித்தனர். இம்முயற்சியை முன்னின்று நடத்திய கிளூதா மெக்கன்சி 1915இல் கலிப்போலிப் போரில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தேராதூனில் பணியாற்றி இந்திய நிலைமையை நேரில் அறிந்தவர். இந்தியத் தரப்பில் லால் அத்வானியின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1947இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் பணியில் சேர்ந்த பார்வையற்ற அலுவலர் அவர். இவர்களது உழைப்பின் விளைவே பாரதி பிரெயில். அதே 1951இல் தேராதூனில் மத்திய பிரெயில் அச்சகம் நிறுவப்பட்டது.

பார்வையற்றோர் எழுத்தைச் சீர்திருத்திய அக்குழுக்களில் பார்வையற்றோரே முதன்மை இடம் பெற்றிருந்தனர் என்பதை இங்கே நினைவில் கொள்வோம். இன்றைய நம் வளாக நிகழ்ச்சிகளில் அவர்கள் பெரும்பாலும் பெறுநர் வரிசையில் மட்டுமே நிற்கின்றனர்.

*புள்ளி முன்னே வரும் எழுத்து*

தமிழ்ப் பிரெயிலின் அமைப்பு மொழியியல் மாணவருக்கு ஒரு விருந்து. அச்சுத் தமிழில் 247 எழுத்துகள். பிரெயிலில் உயிர் பன்னிரண்டுக்கும் மெய் பதினெட்டுக்கும் ஆய்தத்துக்கும் புள்ளிக்கும் குறிகள் இருந்தால் போதும். உயிர்மெய்க்குத் தனிக்குறி இல்லை. கால், கொம்பு, சுழி எவையும் இல்லை. "கா" என்பது க-வின் குறியும் ஆ-வின் குறியும் அடுத்தடுத்து நிற்பது, அவ்வளவே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "கி" என்பதும் க-வை அடுத்து இ வருவதும் ஒரே தோற்றமாகிவிடாதா? வேற்று மொழிகளுக்கு இது மெய்யான இடர்; இடையில் அ-வின் குறியைச் சேர்த்து அதைத் தீர்க்கின்றனர். தமிழிலோ ஒரு சொல்லுக்குள் உயிரை அடுத்து உயிர் தனித்து வருவது அரிது. யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக இடையில் புகும் என்பது நன்னூல் படித்தவர் அறிந்ததே. அளபெடை போன்ற சில இடங்கள் விலக்கு. 1951இல் வகுத்த விதி தமிழில் இடறாமல் ஓடுவதற்குத் தமிழின் ஒலியமைப்பே துணை நிற்கிறது.

அடுத்தது புள்ளி. அச்சில் மெய்யெழுத்தின் தலைமேல் இருப்பது, பிரெயிலில் அந்த எழுத்துக்கு முன்னே தனிக்குறியாக வருகிறது. காரணம் எளிது. கண் ஒரே நேரத்தில் எழுத்தையும் அதன் தலைமேல் உள்ள புள்ளியையும் காணும். விரலுக்கு முன்பின் மட்டுமே உண்டு. "அடுத்து வருவது அகரமற்ற மெய்" என்ற அறிவிப்பை விரல் முதலில் பெற்றுவிடுகிறது.

ஆக, "அம்மா" என்ற சொல் பிரெயிலில் ஐந்து குறிகள்: அ, புள்ளி, ம, ம, ஆ. இந்த ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*கோபாலபுரத்தில் ஒரே எழுத்து*

நான் வளர்ந்தது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், எல்லைச் சோதனைச்சாவடி உள்ள கோபாலபுரம் பகுதியில். சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை வழங்கியது. தமிழ்வழிப் பாடநூல்களைக் கேரள அரசே அச்சிடுகிறது. இவ்வெல்லையில் வளரும் குழந்தை இரு வேறு எழுத்துருவங்களைக் கற்றாக வேண்டும். பேருந்துப் பலகை முதல் குடும்ப அட்டை வரை இரண்டும் தேவை.

பார்வையற்ற குழந்தைக்கு இச்சுமை பெருமளவு குறைகிறது. பாரதி பிரெயில் ஒலியை அடிப்படையாகக் கொண்டது. எந்த இந்திய மொழியாயினும் ஒரே ஒலிக்கு ஒரே குறி. தமிழ்க் ககரமும் மலையாளக் ககரமும் முதல், மூன்றாம் புள்ளிகளே. நாம் தமிழுக்கே உரியதென்று பெருமை கொள்ளும் ழகரமும் இரு மொழியிலும் ஒரே வடிவம். மலையாளத்தில் "அம்ம" என்று நான்கு குறிகளால் எழுதி, ஐந்தாவதாக ஆ-வைச் சேர்த்தால் தமிழ் "அம்மா". சாவடியின் இரு பக்கத்திலும் கண்ணுக்கு வேறாகத் தெரிவது விரலுக்கு ஒன்றே. திராவிட மொழிகளின் உறவை விளக்க இதைவிடச் சிறந்த வகுப்பறைச் சான்று எனக்குத் தெரியவில்லை. என் முதுகலைப் பாடத்திட்டத்தில் இது இல்லை.

சொற்களிலும் எல்லை உண்டு. "ஊனமுற்றோர்" என்பதை விலக்கி "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லைக் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு தன் வழக்கில் கொண்டது. மலையாளத்தில் "விகலாங்கர்" போய் "பின்னசேஷிக்காரர்" வந்தது. சேஷி என்பது அங்கே திறனைக் குறிப்பது. இரு சொற்களின் வார்ப்பும் ஒன்றே. சொல்லை மாற்றியது தேவையான செயல்தான். ஆனால் அச்சொல்லைத் தாங்கி வரும் சுற்றறிக்கையை அவரால் படிக்க முடிகிறதா என்பது தனிக் கேள்வி.

*தட்டச்சுப் பொறியின் நிழல்*

மீண்டும் என் நண்பரின் கோப்புக்கு வருவோம். அக்கோப்பு பாமினி எழுத்துருவில் அமைந்தது. பாமினியின் இயல்பை அறியத் தட்டச்சுப் பொறியை நினைக்க வேண்டும். ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தபோது அவர் முன்னிருந்த பணி, இரும்பு அச்சுகளைக் கொண்டு தாளில் தமிழ் வடிவத்தைத் தோன்றச் செய்வது. "கொ" வேண்டுமாயின் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாக எது தோன்றுகிறதோ அதுவே வரிசை. படிப்பது கண் என்பதால் அதில் குறை ஏதுமில்லை.

கணினி வந்தபோதும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1980களில் கனடாவில் கு. சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு எனத் தமிழ்க் கணிமையின் முன்னோடிகள் புலம்பெயர் மண்ணிலிருந்து எழுந்தனர். பிறகு நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் பெருகின. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. ஆங்கில "எம்" இருந்த இடத்தில் அ. "கே" இருந்த இடத்தில் ம. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. "எச்" இருந்த இடத்தில் கால். திரையில் "அம்மா" தோன்றும். கணினியின் நினைவில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நண்பரின் கேள்விக்கு இதுவே விடை. அது எந்த மொழியும் இல்லை. ஆங்கிலத்தின் மேல் வரைந்த தமிழ் ஓவியம்.

இதற்கு மாற்று 1991லேயே வந்துவிட்டது. அவ்வாண்டு வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதில் "அம்மா" என்பது அ, ம, புள்ளி, ம, கால் என்று சேமிக்கப்படும். இங்கும் ஐந்து குறிகள். புள்ளி மட்டும் மெய்யின் பின்னே நிற்கிறது. "கொ" என்பது க, அதன்பின் ஒகரக் குறி. திரையில் கொம்பு ககரத்துக்கு முன் தெரிந்தாலும், உள்ளே க-வே முதலில். அதாவது ஒலிக்கும் வரிசை. பிரெயிலிலும் அதே வரிசைதான். நாற்பது ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நோக்கத்துடன் அமைந்த இரு குறிமுறைகளும் உயிர்மெய்யை மெய் முன், உயிர் பின் என்று தமிழ் இலக்கணம் சொன்னபடியே அடுக்கியுள்ளன. இடையில் வந்த எழுத்துருக்களே கண்ணின் வரிசைக்கு மாறிப்போயின.

எனினும் ஒருங்குறி பரவ நீண்ட காலம் ஆயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில்தான் ஒருங்குறி அரசின் தரமாயிற்று. அதற்குள் இருபதாண்டுத் தமிழ் நூல்களும் ஆய்வேடுகளும் கேள்வித்தாள்களும் பழைய எழுத்துருக்களில் உறைந்துவிட்டன.

*பேசத் தொடங்கிய கணினி*

திரைவாசிப்பானின் வரலாறு சற்று இளையது. பார்வை இழந்த முன்னாள் பந்தய ஓட்டுநர் டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் ஜாஸ் மென்பொருளை வெளியிட்டது. ஆற்றல் மிக்கது, விலையும் மிக்கது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ மென்பொருளை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். பார்வையுள்ளோர் தரும் விலையைவிட ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராமல் பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்த இயல வேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. இன்று அது இலவசம். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல்பொறி தமிழும் பேசும். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழுவினரும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆ. க. இராமகிருஷ்ணன் குழுவினரும் தமிழ்ப் பேச்சொலியாக்கத்தில் உழைத்துள்ளனர். பின்னவர் குழு அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் தமிழ் எழுத்துணரியையும் உருவாக்கியது.

தமிழைப் பேசுவது எளிய பணியன்று. "கல்", "பக்கம்", "தங்கம்", "அகம்" என்ற நான்கிலும் எழுதப்படுவது ஒரே ககரம். ஒலிப்பு ஒன்றாக இல்லை. சொல்முதல், இரட்டிப்பு, மெல்லினத்தின் பின், உயிர்களின் நடுவே என்ற சூழல்களைப் பொறி அறிய வேண்டும். அவ்விதிகளை நாம் மொழியியல் வகுப்பில் மாற்றொலிகள் என்று படித்து, தேர்வெழுதி, மறந்துவிடுகிறோம். அவற்றின் மேல் அமர்ந்துதான் ஒருவர் இன்று தமிழ் நாவல் கேட்கிறார்.

ஆனால் எவ்வளவு சிறந்த குரல்பொறியாயினும் உள்ளே செல்வது எழுத்தாக இருக்க வேண்டும். பக்கத்தை ஒளிவருடி எடுத்த வெறும் படம், திரைவாசிப்பானுக்கு வெற்றுத்தாள். 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் அருமை இங்கேதான் விளங்கும். தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் திருத்திய அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. பார்வையற்ற மாணவர் இன்று சங்க இலக்கியத்தைத் தனித்துப் படிக்க முடிகிறது. அதே மாணவர் அச்சங்க இலக்கியம் பற்றி நாம் எழுதிய ஆய்வேட்டைத் திறந்தால், பல வேளைகளில் கணினி மௌனமாகிவிடுகிறது.

*சட்டம் வந்துவிட்டது*

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர்; அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை ஆக்குவதற்கு விலக்கு அளித்தது. அதே நோக்குடைய 2013 மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா.

ஆகவே "பதிப்புரிமைச் சிக்கல்" என்று நாம் ஒதுங்க இயலாது. 5 விழுக்காடு இடம் கொடுத்து வகுப்பறைக்குள் அழைத்துவிட்டு, படிக்க முடியாத கோப்பை நீட்டுவது எவ்வகை நீதி? எல்லைப்புறத் தமிழ் மாணவருக்கு இது இன்னும் கூர்மையானது. கேரளத்தில் அணுகல் வசதிகள் இயல்பாகவே மலையாளத்தை மையமிடுகின்றன. தமிழகத்தின் நலத்திட்டங்கள் அம்மாநிலத்தில் வசிப்போர்க்கு உரியவை. சாவடிக்கு மேற்கே வசித்துத் தமிழ் படிப்பவருக்கு எஞ்சுவது, தமிழில் எழுதும் நாம் நம் கோப்புகளை எப்படி வைத்திருக்கிறோம் என்பதே.

*என் கணக்கு*

இங்கே என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். பாமினிக் கோப்பைக் கண்டு வருந்திய நானே, அடுத்த ஆண்டு என் முதுகலை ஆய்வேட்டை ஒரு டிடிபி கடையில் கொடுத்துப் பழைய எழுத்துருவில் அச்சிட்டு, கட்டமைத்த படியை ஒளிவருடிப் பிடிஎஃப் ஆக்கிச் சமர்ப்பித்தேன். கால நெருக்கடி, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தலைப்பு பிடித்திருக்கிறது என்று நண்பர் அதைக் கேட்டு வாங்கினார். இரண்டு நாள் கழித்து அழைத்தார்: "நூத்தி இருபது பக்கம்னு சொல்லுது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

அந்த நூற்றிருபது பக்கத்தையும் எழுத்துரு மாற்றியில் இட்டு, பிழை திருத்தி, தலைப்புகளைத் தலைப்பாகக் குறித்து, அட்டவணைகளை மீண்டும் அமைத்து அனுப்ப எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலிலேயே ஒருங்குறியில் தட்டச்சிட்டிருந்தால் அம்மூன்று வாரமும் தேவைப்பட்டிராது. அவர் படித்து முடித்து, இரண்டாம் இயலில் ஒரு சான்று பொருந்தவில்லை என்று சுட்டினார். நேர்காணல் தேர்வில் யாரும் கவனிக்காத பிழை அது. என் ஆய்வேட்டை முழுமையாகப் படித்த மிகச் சிலருள் அவர் ஒருவர். அவரை நான் ஏறத்தாழ வாசலிலேயே நிறுத்தியிருந்தேன்.

ஆய்வாளர்களாகிய நாம் செய்யக்கூடியவை சிறியவை, செலவும் இல்லாதவை. ஆய்வேட்டையும் கட்டுரையையும் ஒருங்குறியில் எழுதுவோம். பல்கலைக்கழகத்துக்கும் சோத்கங்கா களஞ்சியத்துக்கும் அளிக்கும் கோப்பு, ஒளிவருடிய படமாக இல்லாமல் நேரடியாக எழுத்திலிருந்து உருவானதா என்று பார்ப்போம். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் இரண்டு வரி விளக்கம் சேர்ப்போம். வகுப்பில் பகிரும் குறிப்புகளை ஒருமுறை என்விடிஏ கொண்டு கேட்டுப் பார்ப்போம். பத்து நிமிடம் போதும். கணினி நன்கொடை பெறும் துறைகள், பெற்ற நாளன்று அதனுடன் பாடத்திட்டத்தின் படிக்கத்தக்க கோப்புகளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுக்கும் முன் பயன்படுத்தப் போகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கட்டும். பெய்ரூட்டில் 1951லேயே பின்பற்றப்பட்ட முறை அது.

என் முதுகலை ஆய்வேட்டின் ஒருங்குறி வடிவம் வேண்டுவோர் உட்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். இரண்டாம் இயலின் பிழை திருத்தப்பட்டுள்ளது. உங்கள் ஆய்வேடு பழைய எழுத்துருவில் இருந்து, மாற்றத் தெரியாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும்.